தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டதே!

கேள்வி: எனக்கு வயது 46. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் கோவையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து குரல் வெறும் காற்றாக வருகிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. மூட்டை தூக்கினால் தம் நிற்பதில்லை. இடது குரல்நாண் அசையவில்லை என்கிறார்கள். மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

பதில்: இப்போதே முடிவு செய்ய வேண்டாம் அம்மா. முதலில் பழைய ஆபரேஷன் குறிப்பை வாங்கிப் பாருங்கள். குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டின் பின்பக்கத்தை ஒட்டியே போகிறது. அது இழுபட்டோ நசுங்கியோ இருந்தால், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானாகத் தேற வாய்ப்புண்டு. வெட்டுப்பட்டிருந்தால் காத்திருந்து பயனில்லை.

கனமாகத் தூக்கும்போது இரு நாண்களும் ஒட்டி மூடினால்தான் தம் பிடிக்க முடியும். உங்களுக்கு இடைவெளி வழியே காற்று கசிகிறது. தண்ணீர் புரை ஏறுவதும் அதனால்தான். தலையை இடது பக்கம் திருப்பி, தாடையைத் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள். மிளகுக் கஷாயம் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். நரம்புக்கு ஒன்றும் செய்யாது.

காத்திருக்கும் காலத்தில் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஹையலுரானிக் அமில ஜெல்லை ஊசி மூலம் அசையாத நாணில் செலுத்தி அதை உப்ப வைக்கலாம். நல்ல நாண் வந்து அதைத் தொட்டுவிடும், குரல் திரளும். சில மாதங்களில் ஜெல் கரைந்துவிடும். உங்களைப் போலப் புரை ஏறுகிறவர்களுக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

ஒரு வருடமாகியும் அசைவு வராவிட்டால் குரல்வளையின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு குருத்தெலும்பில் (இது தைராய்டு சுரப்பி அல்ல) சிறு திறப்பு போட்டு, சிலிக்கோன் துண்டை வைத்து நாணை நடுவே தள்ளுவோம். ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1974-இல் விவரித்த முறை இது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிதான் போடுவோம். நீங்கள் விழித்திருப்பீர்கள். "ஒன்று, இரண்டு எண்ணுங்கள் அம்மா" என்று சொல்லி, குரலைக் கேட்டுக் கேட்டே துண்டின் அளவைச் சரிசெய்வோம். நாண் மறுபடி அசையாது. ஆனால் பேச்சு தெளியும், புரை ஏறுவதும் குறையும். மலைச்சரிவில் எதிர்ப்பக்கத்து ஆளைக் கூப்பிடும் அளவுக்குப் பழைய சத்தம் வருமா என்றால், அதற்கு உறுதி தர முடியாது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு நாண்களும் நடுவில் நின்றுவிட்டால் குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுதான் அடைபடும். மேடு ஏறும்போது மூச்சை உள்ளிழுக்கையில் கீச்சென்று சத்தம் கேட்டால் கோவைக்குப் பஸ் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். சாப்பிடும்போது இருமலோடு காய்ச்சலும் சேர்ந்து வந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள்.