ஒரு நர்ஸ் கையில் எத்தனை நோயாளிகள்?

நர்சிங்தான் படிப்பேன் என்று உங்கள் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பெண்டு நிமிர்த்தும் வேலையாமே, இவள் உடம்பு தாங்குமா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு ஷிப்டில் அவளிடம் எத்தனை நோயாளிகளை ஒப்படைப்பார்கள் என்பது தெரிய வேண்டும். நான்கு பேரைப் பார்ப்பதும் எட்டுப் பேரைப் பார்ப்பதும் ஒரே வேலை இல்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வின்படி, நர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினாலே, ஆபரேஷன் ஆனவர் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸ் மனம் சலித்துச் சோர்ந்துபோகும் சாத்தியமோ 23 சதவீதம் கூடுகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

தலைக்கணக்கை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம். பட்டியலில் ஆறு பேர் என்றிருக்கும். காலையில் இரண்டு டிஸ்சார்ஜ், மதியத்துக்குள் அதே கட்டில்களில் இரண்டு புது அட்மிஷன்; ஆக அன்று பார்த்தது எட்டுப் பேரை. நடுவில் ஒருவர் ஆபரேஷன் முடிந்து வந்தால் அடிக்கடி போய் பிரஷர், பல்ஸ் பார்க்க வேண்டும். கூட இருப்பவர் திடீர் லீவு போட்டால் அவருடைய நோயாளிகளும் பங்கு பிரிந்து வருவார்கள். மருந்தையும் ஊசியையும் எப்படியாவது நேரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, பயந்துபோனவரிடம் இரண்டு நிமிடம் பேசுவது, இவைதான் முதலில் விட்டுப்போகும். சார்ட் எழுதுவது ஷிப்ட் முடிந்த பிறகு, பல இடங்களில் சம்பளக் கணக்கில் வராத நேரத்தில்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து 1999-இல் சட்டம் கொண்டுவந்து 2004-இல் நடைமுறைப்படுத்தினார்கள். ஐ.சி.யூ.வில் நர்ஸ் ஒருவருக்கு 2 நோயாளிக்கு மேல் கூடாது. பொது வார்டில் முதலில் 6, 2005 முதல் 5. நர்ஸ் சாப்பிடப் போகும் நேரத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்; அதாவது, அவருடைய நோயாளிகளை அப்போது பார்க்க வேறு ஆள் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியாத வேலையில் யார்தான் நீடிப்பார்கள்?

மகள் படிக்கட்டும். வேலைக்குப் போகும்போது சம்பளத்தோடு இதையும் கேட்கச் சொல்லுங்கள்: பகலில் எத்தனை நோயாளிகள், நைட் டூட்டியில் எத்தனை? அந்தக் கணக்கில் வார்டு இன்சார்ஜையும் பயிற்சி மாணவிகளையும் நர்ஸ்களாகச் சேர்த்துச் சொல்கிறார்களா? (இந்த இடத்தில்தான் தில்லுமுல்லு நடக்கும்.) புதிதாகச் சேர்ந்தவளை எத்தனை வாரம் கழித்துத் தனியாக விடுவார்கள்?

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். படிக்கும்போதே மருத்துவமனைப் பயிற்சிக்கு (கிளினிக்கல் போஸ்டிங்) போவாள் அல்லவா? ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். டூட்டி முடிந்தவர்கள் எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறார்கள் என்று நாலு நாள் பார்த்தாலே அவளுக்குப் புரிந்துவிடும்.