கல்யாண மண்டபத்துக்கு முன்பணம்: யார் கையில் கொடுப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. அடுத்த ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். 700 பேர் வருவார்கள். பழைய தோட்டத்துக் கோயில் மண்டபம், டவுனில் நகராண்மைக் கழக மண்டபம், ஈப்போவில் ஒரு ஹோட்டல் என்று மூன்று இடம் பார்த்திருக்கிறோம். மகளுக்கு ஹோட்டல்மேல் ஆசை. இதற்கிடையில் கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவர், டவுன் மண்டபத்தை அந்தத் தேதிக்குத் தானே பிடித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். சாப்பாடு, மணவறை, நாதஸ்வரம் எல்லாம் சேர்த்து 38,000 ரிங்கிட் பேக்கேஜாம். இந்த வாரத்துக்குள் பாதிப் பணம் கட்டாவிட்டால் தேதி போய்விடும் என்கிறார். கட்டலாமா? எந்த இடம் நல்லது?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. எந்த இடம் என்பதை அப்புறம் பார்ப்போம். அவர் கெடு வைத்திருப்பதால் பணத்தை முதலில் பேசிவிடலாம்.

நகராண்மைக் கழக மண்டபம் பொதுச் சொத்து. நீங்களே அவர்கள் அலுவலக முகப்பில் (கவுண்டரில்) போய் விண்ணப்பிக்கலாம். இந்த ஆள் "பிடித்து வைத்திருக்கிறேன்" என்றால் அதற்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஒன்று, முகூர்த்த நாள் எது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்கூட்டியே தன் பெயரில் பதிந்துகொண்டு, அதையே உங்களிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். இல்லையென்றால் எதையும் பிடிக்கவே இல்லை, உங்கள் பணத்தைக் கொண்டுபோய்த்தான் பிடிக்கப்போகிறார். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஆவணியிலும் தையிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துக் குடும்பம் அலைகிறது. இவர்கள் பிழைப்பு அந்த அலைச்சலில்தான் நடக்கிறது.

நாளைக்கே முகப்புக்குப் போங்கள். அந்தத் தேதி காலியா, இல்லையென்றால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, வாடகை எவ்வளவு, காப்புப் பணம் எவ்வளவு என்று கேளுங்கள். காலியாக இருந்தால் உங்கள் பெயரில், உங்கள் அடையாளக் கார்டு எண்ணோடு விண்ணப்பித்து ரசீது வாங்குங்கள். மண்டபத்தின் ரசீது வேறு, ஏற்பாட்டாளர் தன் கம்பெனி பெயரில் கிழித்துக் கொடுக்கும் ரசீது வேறு. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபம் நமக்குத்தான் என்று நம்பியவர்கள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இடம் தேடி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்பாட்டாளரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மணவறை, நாதஸ்வரம், சாப்பாடு இவற்றுக்கு அவரை வைத்துக்கொள்ளலாம். இடத்தை மட்டும் அவர் கையில் விடாதீர்கள். அவருடைய தொழில் எஸ்எஸ்எம் என்கிற நிறுவன ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இணையத்திலேயே தேடலாம். பணம் போகும் வங்கிக் கணக்கு அந்தத் தொழில் பெயரிலேயே இருக்க வேண்டும். "என் தங்கச்சி அக்கவுண்டில் போடுங்கள்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டால், அவற்றின்மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தெரியும். பணத்தை அனுப்பிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அடியுங்கள். நேரம் போகப் போகப் பணம் அடுத்த கணக்குக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. தேதிக்கு ஒரு சிறு தொகை, சாப்பாட்டுப் பட்டியலும் ஆள் எண்ணிக்கையும் முடிவானதும் ஒரு பங்கு, மீதி கல்யாணம் முடிந்த பிறகு. இதற்குச் சம்மதிக்காதவர் உங்கள் பணத்தில் போன மாதக் கல்யாணத்தின் கடனை அடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டி விற்கும் கம்பெனி, வாங்குபவரின் பணத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்கீழ் விதி இருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பில் பாதியை வாங்கும் கல்யாண ஏற்பாட்டாளருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. தொழிலைப் பதிந்து, முகநூலில் நாலு படம் போட்டால் கடை திறந்தாயிற்று. இதை யாராவது சரிசெய்யட்டும் என்று எத்தனை வருஷம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

ஏமாற்றிவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே நன்றாக எடுபடுவது எழுத்துதான். வாட்ஸ்அப்பில் பேசியது, ரசீது, சாப்பாட்டுப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். "வாயால் சொன்னார்" என்றால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும், கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறந்தவரிடம் பணத்தை வசூலிப்பது பெரும்பாடு.

சரி, இடத்துக்கு வருவோம். எனக்குக் கேட்டால் கோயில் மண்டபம். முகூர்த்தத்துக்கு அக்கினி வளர்க்கலாம், சைவச் சாப்பாடு போடலாம், நடக்க முடியாத பாட்டிகளும் தோட்டத்து ஆட்களும் 30 கிலோமீட்டர் பயணம் பண்ண வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் சாவி கோயில் நிர்வாகத்திடம் இருக்கும். நிலம் யாருடையது? பெரும்பாலும் தோட்டக் கம்பெனியுடையது. பாட்டன் காலத்திலிருந்து நாம் கும்பிட்ட இடம், நம் ஆட்கள் காசு போட்டுக் கட்டிய மண்டபம் என்பதெல்லாம் உண்மை. என்றாலும் நிலப்பட்டாவில் நம் பெயர் இல்லை. தோட்டம் கைமாறினாலோ, வீடமைப்புக்கு என்று விற்கப்பட்டாலோ, புதிதாக வந்தவருக்கு உங்கள் மகளின் கல்யாணத் தேதி தெரியப்போவதில்லை. கேட்டைப் பூட்டி ஜாகாவை (காவலாளியை) நிறுத்திவிட்டால் 700 பேரும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். கோயில் தலைவர் வாங்கிய முன்பணத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் எந்த மண்டபத்தைப் பிடிப்பது?

அதனால் கோயில் தலைவரின் வாய்ச்சொல் போதாது. தோட்ட மேனேஜரிடமிருந்து கடிதம் வேண்டும். அதில் தேதி, முதல் நாள் மாலை முதல் மறுநாள் இரவு வரை நேரம், வெளி வாகனங்களும் பஸ்ஸும் தோட்டத்து ரோட்டில் வரலாம் என்பது, கேட் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது எல்லாம் இருக்கட்டும். கோயில் நிர்வாகத்தோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். அவர்களைத் தாண்டிப் போனால் மனஸ்தாபம் வரும். தோட்டம் விற்பனைக்கு இருக்கிறதா என்றும் நேராகவே கேளுங்கள், தப்பில்லை. டவுனிலேயே சொந்த நிலத்தில் இருக்கும் கோயில் என்றால் இந்தக் கடிதம் தேவையில்லை. கோயில் தோட்டத்துக்குள் இருக்கிறது, ஆனால் நிலம் கோயிலுக்கே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றால், அந்தப் பட்டாவின் நகலை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். "கொடுத்துவிட்டார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுப்பதாகச் சொன்னதற்கும் பெயர் மாற்றிக் கொடுத்ததற்கும் நடுவே பல வருஷம் ஓடிப்போயிருக்கும். பட்டா மாறியிருந்தாலும் ரோடு கம்பெனியுடையதாக இருந்தால் வாகன அனுமதிக் கடிதம் வேண்டும்தான்.

இன்னொன்று, கோயில் நிர்வாகத்தில் இரண்டு அணி இருந்தால் இரண்டு ரசீதுப் புத்தகம் இருக்கும். சங்கப் பதிவிலாகாவில் பதிவான நிர்வாகம் எது என்று தெரிந்துகொண்டு அவர்களிடம் மட்டும் கட்டுங்கள்.

அப்புறம் இடம் போதுமா என்பது. "ஆயிரம் பேர் உட்காரலாம்" என்று எந்த மண்டபத்தில் சொன்னாலும், அது நாற்காலியை வரிசையாகப் போட்ட கணக்கு. 10 பேர் உட்காரும் ஒரு வட்ட மேசை, அதைச் சுற்றி நாற்காலி, நடக்க வழி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 10 அடிக்கு 10 அடி பிடிக்கும். 80 அடிக்கு 60 அடி மண்டபம் என்றால் காகிதத்தில் 48 மேசை வரும். மணவறைக்கும் சாப்பாடு எடுக்கும் இடத்துக்கும் விட்டது போக 38 கிடைத்தால் பெரிது. அது 380 பேருக்குத்தான். அளவு நாடாவோடு போய் அளந்து பாருங்கள். உங்கள் 700 பேர் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள். இரண்டு பந்தி என்று முடிவு செய்தால் 40 மேசை போதும். வெளியே பந்தல் போட்டால் பக்கத்தில் படுதா இறக்கச் சொல்லுங்கள். ஆவணியில் பிற்பகல் இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மண்டபத்தைக் காலி நேரத்தில் பார்க்காமல், வேறு யாருடைய கல்யாணமாவது நடக்கும்போது போய்ப் பாருங்கள். கழிவறை, தண்ணீர் வரத்து, கார் நிறுத்துமிடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய தோட்டத்து மண்டபத்தில் மின்சாரம் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். பெரிய ஃபேன்கள், ஒலிபெருக்கி, சமையல்காரரின் அடுப்பு எல்லாம் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும். வாடகை ஜெனரேட்டர் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வரவில்லையென்றால் நகராண்மைக் கழக மண்டபம், உங்கள் பெயரில். அங்கே அரசாங்க நிகழ்ச்சிக்கு முன்னுரிமை, பதிவை ரத்து செய்யலாம் என்ற வரி விதிமுறையில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். இருந்தால், ரத்தானால் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். சாவி எப்போது கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு எட்டு மணிக்குத்தான் கதவு திறப்போம் என்றால் என்ன செய்வது? ஒரு குடிமகன் தன் மகள் கல்யாணத்துக்குப் பொது மண்டபத்தை வாடகைக்கு எடுக்க, ஒரு முகப்பில் கடிதம், இன்னொரு முகப்பில் பணம், அப்புறம் ஆதரவுக் கடிதம் இருக்கிறதா என்று கேள்வி. இவ்வளவு அலைக்கழித்தால் இடைத்தரகர் முளைக்காமல் என்ன செய்வார்?

திருமணப் பதிவை மறந்துவிடாதீர்கள். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணம் பதிவாக வேண்டும். கோயிலில் பதிவு செய்வதென்றால் அங்கே நியமனம் பெற்ற துணைப் பதிவாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். எல்லாக் கோயிலிலும் இருப்பதில்லை. இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். திருமண அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட வேண்டும், அதனால் கடைசி மாதம் வரை இழுக்க வேண்டாம்.

மகளின் ஹோட்டல் ஆசைக்கும் வழி இருக்கிறது. முகூர்த்தத்தை அங்கே வைக்க வேண்டாம். பல ஹோட்டல்களில் உள்ளே அக்கினி வளர்க்க விடமாட்டார்கள், வெளிச் சாப்பாடும் கொண்டுபோக முடியாது. இரவு விருந்துக்கு மட்டும், அவளுடைய நண்பர்களும் மாப்பிள்ளையின் வேலையிடத்து ஆட்களும் என்று 10 மேசை போடுங்கள். மலாய் நண்பர்கள் இருப்பார்கள், ஹலால் சான்றிதழ் உள்ள சமையலறையா என்று பாருங்கள். விலையைச் சொல்லும்போது "பிளஸ் பிளஸ்" என்பார்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் அதன்மேல் ஏறும் என்று அர்த்தம். மேசை 1,000 ரிங்கிட் என்றால் பில்லில் ஏறக்குறைய 1,160 வரும். எல்லாம் சேர்ந்த விலையை எழுதித் தரச் சொல்லி, அதை வைத்துப் பேரம் பேசுங்கள்.