வாசகர் கேள்வி: அறிவுரையா, அறிமுகமா?

கேள்வி: கணக்குத் தணிக்கையாளராக வேலை பார்க்கிறேன். ஒரு தன்னார்வ அமைப்பின் மூலம், பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். அவள் குடும்பத்தில் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. நேரத்தைத் திட்டமிடுவது, தன்னம்பிக்கை, இலக்கு என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். மரியாதையாகத் தலையாட்டுகிறாள். ஆனால் எதுவும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். படித்தவர் இல்லாத வீட்டிலிருந்து பள்ளி இறுதி வரை வந்திருக்கிறாள். அவளுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று நான் நினைக்கவில்லை. குறைவாக இருப்பது ஆட்கள்.

கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில், மாணவர்கள் வேலைக்கும் உதவித்தொகைக்கும் எழுதும் விண்ணப்பங்களை அனுப்பும் முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பெயர், மதிப்பெண் எல்லாம் அழகான கையெழுத்தில் நிரம்பியிருக்கும். கடைசிப் பக்கத்தில் ‘உங்களை நன்கு அறிந்த இருவர், உறவினர் அல்லாதவர்’ என்று ஒரு கட்டம். சிலருக்கு அது மட்டும் காலியாக இருக்கும். “இதுல யாரைப் போடுறது மேடம்?” என்று கேட்பார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் தயங்கி நான் பார்த்ததில்லை. அப்பாவின் நண்பர் இருப்பார், அம்மாவின் மேலதிகாரி இருப்பார். பணத்தட்டுப்பாட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தலைமுறை தாண்டியும் ஒரு குடும்பத்தை அதே இடத்தில் நிறுத்திவைப்பதில் இந்தக் காலிக் கட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகரை ஒட்டிய ஒரு பகுதியில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிறவர், ஏன், ஏறக்குறைய மறந்தே போன பழைய பழக்கம். யோசித்தால் விளங்கும். நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். புதுச் சேதி வெளிவட்டத்திலிருந்து வருகிறது. அந்தப் பெண்ணுக்கு அந்த வெளிவட்டமே இல்லை. இப்போதைக்கு நீங்கள் ஒருவர்தான் அது.

அமெரிக்காவில் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் காட்டியது. 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் நட்புகளை எடுத்துப் பார்த்தார்கள். வசதி குறைந்தவர்களுக்கு வசதியான நண்பர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில், ஏழைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும்போது மேலே வருவது அதிகமாக இருந்தது. வசதியான பிள்ளைக்கு இருக்கும் அளவு அப்படிப்பட்ட நட்பு ஏழைப் பிள்ளைக்கும் கிடைத்தால், பிற்காலத்தில் அதன் வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். இரு தரப்புக்கும் இடையிலான பிளவில் ஏறக்குறைய பாதி, ஒரே இடத்தில் இல்லாததால் வருவது. மறுபாதி, ஒரே பள்ளியில், ஒரே அமைப்பில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பழகாததால் வருவது. அருகில் உட்கார வைத்தால் மட்டும் போதாது, யாராவது கையைப் பிடித்து அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அடுத்த சந்திப்பில் அறிவுரை வேண்டாம். உங்கள் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அவளோடு அரை மணி நேரம் உட்காரத் தயாராக இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அதில் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த பகுதியில் வளர்ந்த சிறுமிகள் பின்னாளில் அதே துறையில் கண்டுபிடிப்பாளராவது அதிகமாக இருந்தது. ஆண்களைப் பார்த்து வளர்ந்தது சிறுமிகளிடம் அந்த விளைவைத் தரவில்லை.

பேச்சை அவளே நடத்தட்டும். கேட்க வேண்டியதை முதல் நாளே சேர்ந்து எழுதிவையுங்கள். வீடு திரும்பியதும் அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல், அதையும் முதல்முறை நீங்களும் அவளும் சேர்ந்தே எழுதுங்கள். ‘கடைசித் தேதி முடிந்துவிட்டது, இரண்டு நாள் அவகாசம் தருவீர்களா?’ என்று ஓர் அலுவலகத்தைக் கேட்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வசதியான வீட்டில் அது யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமலே படிந்துவிடும். அப்புறம், இது சிபாரிசு ஆகிவிடுமோ என்று சங்கடப்படாதீர்கள். தகுதி இல்லாதவரை உள்ளே தள்ளுவது சிபாரிசு. தகுதி இருந்தும் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பவருக்கு வழி காட்டுவது அதில் சேராது.

கேள்வி: வழிகாட்டியாகச் சேர ஆசை. ஆனால் மூன்று மாதத்தில் வெளிநாடு போகிறேன். அதுவரைக்கும் செய்யலாமா?

பதில்: ஒரு குழந்தையோடு தனியாகப் பழகும் பொறுப்பாக இருந்தால், வேண்டாம். மனம் நோகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரை வழிகாட்டியாகச் சேர்த்துவைக்கும் அமெரிக்காவின் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ திட்டத்தின் ஆய்வு 1995இல் வந்தது; அதை 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்களில் போதைப்பொருளைத் தொடத் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போட்டதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதே தகவல்களை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் மறுபடி அலசினார்கள். பலன் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில் இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில், பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. ஏற்கெனவே பலர் விட்டுப்போன ஒரு பிள்ளைக்கு இன்னொருவரும் விட்டுப்போனார் என்றுதானே படும்?

மூன்று மாதத்தில் செய்ய நல்ல வேலைகள் இருக்கின்றன. விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுங்கள், மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் நிலைத்தபின், வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேச முடியும் என்ற உறுதி வந்தால் அப்போது பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் படிப்பை விட்டுத் தவறான வழியில் போகும் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் ஒன்றாகத் தங்கவைத்து ஒரு முகாம் நடத்தலாமா?

பதில்: அவர்களை மட்டும் ஒன்றாக வைக்காதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கி, 250க்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு ஆலோசகர், தனிப்பாடம், மருத்துவ உதவி, கோடை முகாம் என்று சில வருடங்கள் கொடுத்தார்கள். ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் பிற்காலத்தில் அவர்களைத் தேடிப் பார்த்து 1978இல் வெளியிட்ட ஆய்வின்படி, பலர் அந்த உதவியை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் குடிப்பழக்கம், திரும்பத் திரும்பக் குற்றம், சீக்கிரச் சாவு ஆகியவற்றில், உதவி பெறாதவர்களைவிட அவர்கள் நிலை மோசமாக இருந்தது. பிறகு ஆராய்ந்தபோது, அந்தக் கெடுதல் பெரிதும் ஒரு முறைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடம் தெரிந்தது. ஒருவன் துடுக்கை இன்னொருவன் கைதட்டி வளர்த்திருக்க வேண்டும். உங்கள் பையன்களை ஏற்கெனவே நடக்கிற விளையாட்டுக் குழு, நூலகம், பட்டறை என்று ஆளுக்கொரு பக்கம் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு.

கேள்வி: எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வேலையும் கிடைத்துவிட்டது. முன்னேற வேண்டுமென்றால் பழைய நண்பர்களை விட்டு விலகு என்கிறார்கள். விலகத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. ஆபத்தான பழக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து சுற்ற வேண்டியதில்லை, அது வேறு விஷயம். ஆனால் தெருவையே உதறச் சொல்பவர்கள், உங்களைத் தூக்கிவிட்டதே அந்தத் தெருதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் சொன்னது இது: அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, பிறர் பிள்ளை தவறு செய்தாலும் தட்டிக்கேட்கும் இடங்களில் வன்முறை குறைவு. வறுமையின் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மாறவில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறிவந்தார்கள். அவர்களுக்குத் துணையாக எப்போதும் மாறாத ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

புது வேலையில் புதுப் பழக்கங்களைத் தேடிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். கூடவே, தெருவில் அடுத்து கல்லூரிக்குப் போகப்போகும் பிள்ளை யார் என்று விசாரியுங்கள். விண்ணப்பம் எப்போது வரும், எந்தச் சான்றிதழ் வாங்க நாளாகும், விடுதிக்கு யாரிடம் பேச வேண்டும் என்று நீங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதிக் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் உங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.