பழைய பிக்கப் எவ்வளவு இழுக்கும்? விற்கிறவர் சொல்கிற எண்ணை நம்பி ட்ரெய்லர் கொழுவாதீர்கள்

தம்பி, கனடா வந்து எட்டு மாதம் என்கிறீர்கள். 2005ஆம் ஆண்டு செவ்ரோலே சில்வராடோ 1500 ஒன்று பார்த்திருக்கிறீர்கள்: 5.3 லீற்றர் வி8, எக்ஸ்ரென்டட் கப், ஃபோர் வீல். விற்கிறவர் "எட்டாயிரம் இறாத்தல் இழுக்கும்" என்கிறார். இரண்டு அச்சு ட்ரெய்லரில் புல்வெட்டும் மெசினும் மண்ணும் ஏற்றித் தோட்டவேலை தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்புறுதி எவ்வளவு வரும், ஸ்காபரோவா மிசிசாகாவா, பனிக்காலத்தில் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் அந்த எட்டாயிரத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். உயிர் போகிற இடம் அதுதான்.

இழுவை எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் அந்த ட்ரக் செய்த காலத்தில் இருக்கவில்லை. எஸ்.ஏ.ஈ. என்ற வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே2807 விதிமுறை 2008இல்தான் வந்தது. அரிசோனாவின் டேவிஸ் டாம் மேட்டில், 100 பாகை பரனைட் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. டொயோட்டா 2011 மாடல்களில் அதை ஏற்றது. அமெரிக்கக் கம்பனிகளின் அரை ரன் பிக்கப்புகள் (உங்கள் 1500 போன்ற சிறிய வகை) எல்லாம் அதற்குள் வர 2015 ஆயிற்று. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பனியும் தன் முறையில் அளந்து எழுதிய எண்தான். விளம்பரத்தில் போட்டதும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே கூடிய எண்ணைத் தருகிற வகைக்கு உரியது.

முதலில் கையுறைப் பெட்டியைத் திறவுங்கோ. உள்ளே மூன்றெழுத்துக் குறிகள் நிறைந்த வெள்ளை ஒட்டி இருக்கும். ஜி.யூ.6 என்றால் பின் அச்சின் பல் விகிதம் 3.42. ஜி.டி.4 என்றால் 3.73. ஜி.டி.5 என்றால் 4.10. எஞ்சின் ஒன்றாகவே இருந்தாலும் 3.42க்கும் 3.73க்கும் இடையில் ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை ஏறத்தாழ ஆயிரம் இறாத்தல் மாறும். இசட்82 இருந்தால் கம்பனியே இழுவைச் சாமான் போட்டு அனுப்பியது. கே.என்.பி. என்பது கியர்பொக்ஸ் ஒயிலுக்கான கூலர். இசட்82 இல்லாமல் பின்னால் ஹிட்ச் (ட்ரெய்லர் கொழுவும் இரும்பு) மட்டும் தொங்கினால், யாரோ பிறகு பூட்டியது என்று எடுத்துக்கொள்ளுங்கோ. ஒட்டி கிழிந்திருந்தால் வி.ஐ.என். என்ற வாகன அடையாள இலக்கத்தைக் கொடுத்து டீலரின் பாகங்கள் பிரிவில் கேட்கலாம்.

அடுத்தது சாரதிக் கதவுத் தூணில் உள்ள ஒட்டி. ட்ரக் தன் சுமையோடு இருக்கக்கூடிய உச்ச எடையும் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடையும் அதில் இருக்கும். ஆக்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் என்று நேரே சொல்கிற மஞ்சள்-வெள்ளை ஒட்டி 2006க்கு முந்திய பல ட்ரக்குகளில் இராது. ஆகவே தராசில்தான் பிடிக்க வேண்டும். 401 நெடுஞ்சாலையோரம் லொறிக்காரர் நிற்கும் இடங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற லொறித் தராசில், பெற்றோல் முழுதாக நிரப்பி, வெறும் ட்ரக்கை நிறுங்கோ. நீங்கள் உள்ளே இருந்தபடி நிறுத்தால் உங்கள் எடையைக் கழித்துவிடுங்கோ.

கணக்கு விளங்க எண்கள் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஒட்டியில் வேறாக இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கோ. கதவில் 6,400. தராசில் 5,150. மிச்சம் 1,250. இரண்டு பேர் 360, பெட்டியில் சாமான் 250, ஹிட்சின் நீக்கக்கூடிய தண்டும் பந்தும் 50. இவற்றைக் கழித்தால் 590. இந்த 590தான் ட்ரெய்லரின் மூக்கு (கொழுவுகிற முன் முனை) உங்கள் ட்ரக்கின் மேல் அழுத்தக்கூடிய எடை. மூக்கு எடை ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். 12 வீதம் என்று வைத்தால் 590ஐ 0.12ஆல் பிரிக்க 4,900 சொச்சம். சேர்ந்த உச்ச எடை 12,000 என்று கையேடு சொன்னால், அதில் ட்ரக்கின் 5,150ஐயும், ஆக்கள், சாமான், தண்டு சேர்ந்த 660ஐயும் கழிக்க 6,190. இனி ஹிட்சின் ஒட்டியைப் பாருங்கோ. மூக்கு எடையை முன் அச்சுக்கும் பகிரும் கம்பிகள் இல்லாமல் கொழுவினால் 5,000, மூக்கில் 500 என்று பழைய ஹிட்சுகளில் சாதாரணமாக இருக்கும். 500ஐ 0.12ஆல் பிரித்தால் 4,167. மூன்றில் சிறியதே உங்கள் எண். எட்டாயிரம் எங்கே, நாலாயிரம் எங்கே!

இரண்டு அச்சுத் தோட்ட ட்ரெய்லர் வெறுமையாகவே 2,000 இறாத்தல் வரும். 7,000 என்று அதில் எழுதியிருப்பது ட்ரெய்லர் தாங்கும் எடை, ட்ரக் இழுக்கும் எடை இல்லை. 4,167இல் அதைக் கழித்தால் மிச்சம் 2,167. காய்ந்த மண் ஒரு கன யார் 2,000 இறாத்தல் போகும், மழையில் நனைந்தது அதைவிட நன்றாகக் கூடும். மண் ஏற்றுகிற அன்று மெசின் வீட்டில் நிற்க வேண்டும்.

எங்கட ஆக்கள் திரும்பத் திரும்பச் செய்கிற பிழை ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லியே எனக்கு வாய் நோகிறது. பின்பக்கம் பதிந்தால் ஸ்பிரிங் தகடு கூட்டுவார்கள், காற்றுப் பை பூட்டுவார்கள். ட்ரக் நிமிர்ந்து நிற்கும், கண்ணுக்கு வடிவாக இருக்கும். ஆனால் கதவு ஒட்டியின் எண் ஒரு இறாத்தலும் கூடாது. அச்சு, பிரேக், ஃபிரேம் (அடிச்சட்டம்) எல்லாம் பழையவைதான். மூக்கில் 500 வைத்தால் நெம்புகோல் போலப் பின் அச்சில் 600க்கு மேல் ஏறும், முன் அச்சில் 100க்கு மேல் குறையும். ஸ்டியரிங் லேசாவது அதனால்தான். அதற்கு மருந்து எடை பகிரும் ஹிட்ச், அல்லது சுமையைக் குறைப்பது. "ஊரில் லாண்ட்மாஸ்ரரில் (இரண்டு சக்கர உழவு மெசின்) இதைவிடக் கூட ஏற்றினோம்" என்று சிலர் சொல்லுவார்கள். அது மணிக்கு 15 கிலோமீற்றரில் போனது. இங்கே 100இல் போகிறீர்கள்.

மூக்கு எடையைக் குளியலறைத் தராசிலேயே பிடிக்கலாம். பலகையின் ஒரு முனை குழாய்த் துண்டின் மேல், மறு முனை தராசின் மேல். ட்ரெய்லர் மூக்கைக் குழாயிலிருந்து ஒரு அடியிலும் தராசிலிருந்து இரண்டு அடியிலும் இறக்குங்கோ. தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கோ. 10 வீதத்துக்குக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். சுமையின் 60 வீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். வாலாட்டினால் ட்ரக்கின் பிரேக்கை அமத்தாதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கோ.

இருபது வருசப் பழசு என்பதால் இன்னும் கழிக்க இருக்கிறது. ஒன்ராறியோவின் வீதி உப்பு ஃபிரேமைத் தின்னும். கீழே படுத்து, பின் ஸ்பிரிங் கொழுவும் இடத்தையும் ஹிட்ச் போல்ட்டுகளைச் சுற்றியும் சுத்தியலால் தட்டிப் பாருங்கோ. மந்தமான சத்தம் வந்தாலோ தகடு உதிர்ந்தாலோ அந்த ட்ரக்கை இழுவைக்கு வாங்க வேண்டாம். இரும்புப் பிரேக் குழாய்கள் கறள் பிடித்திருந்தால் செப்பு-நிக்கல் குழாயாக மாற்ற வேண்டும். கியர்பொக்ஸ் ஒயில் கருத்துக் கருகிய மணம் வந்தால் கிளச்சுகள் எரிந்துவிட்டன. அந்த ட்ரக்கில் உள்ள 4எல்60ஈ கியர்பொக்சில் முதலில் போவது மூன்றாம், நாலாம் கியர்களுக்குரிய கிளச். இழுக்கும்போது ரோ-ஹோல் (Tow/Haul) பொத்தானை அமத்துங்கோ. மேட்டில் நாலாம் கியருக்கும் மூன்றுக்கும் தாவிக்கொண்டிருந்தால் மூன்றிலேயே விடுங்கோ. ரயரின் அளவு 'பி' (கார் ரயர் வகை) என்று தொடங்கினால் பக்கத்தில் எழுதிய சுமையை 1.1ஆல் பிரித்துத்தான் ட்ரக்குக்குக் கணக்கிட வேண்டும்.

ஒன்ராறியோச் சட்டம் சுருக்கமாக. 1,360 கிலோவும் அதற்கு மேலும் என்றால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம், அதாவது உங்களுக்கு நிச்சயம் வேண்டும். ஹிட்சோடு சங்கிலியும் வேண்டும், இரண்டு தனித்தனிப் பிணைப்பு. ஜி லைசென்ஸ் (சாதாரண கார் லைசென்ஸ்) 4,600 கிலோ ட்ரெய்லர் வரை காணும். ஆனால் நீங்கள் செய்வது தொழில்: 5,150, 660, 4,167 மூன்றையும் கூட்டினால் 9,977 இறாத்தல், 4,525 கிலோ. 4,500ஐத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். என்ற வணிக வாகன இயக்குநர் பதிவும் வருடாந்தச் சோதனையும் வேண்டும். தோட்டவேலைக்காரர் பலர் வீதியோரச் சோதனையில் நிறுத்தப்பட்ட பிறகுதான் இதை அறிகிறார்கள்.

காசு கொடுக்கிறதுக்கு முதல் அந்தக் கையுறைப் பெட்டி ஒட்டியில் ஜி.யூ.6ஆ ஜி.டி.4ஆ என்று பார்த்து எழுதுங்கோ, கதவு எண்ணையும் சேர்த்து. உங்கள் ட்ரக்குக்குரிய கணக்கைப் போட்டுத் தருகிறேன்.