சட்டை மாற்றிவிட்டவன் யார்?

கேள்வி: வயது 19. கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல் வாசம். தனியாகக் குடிக்க மாட்டேன். சனிக்கிழமை மட்டும் எங்கள் செட்டோடு. போன மாதம் பெட் கட்டி ஒரு குவார்ட்டரை ராவாக ஒரே மூச்சில் அடித்தேன். அப்புறம் எதுவும் நினைவில்லை. மற்றவர்கள் படுக்கப் போய்விட்டார்களாம். காலையில் பார்த்தால் சட்டை மாறியிருந்தது. நான் எடுத்த வாந்தியைத் துடைத்து, பக்கத்துக் கட்டில் பையன் மாற்றிவிட்டிருக்கிறான். குடிக்காதவன், யாரோடும் சேர மாட்டான். மறுபடி குடிக்கப் பயமாக இருக்கிறது. போகாவிட்டால் செட்டிலிருந்து கழற்றிவிடுவார்கள். என்ன செய்வது?

- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, உன் கடிதத்தில் செட்டில் இருக்கும் நால்வரின் பெயரும் பட்டப்பெயரும் இருந்தன; அச்சில் எடுத்துவிட்டேன். உன் வாந்தியைத் துடைத்தவனுக்கு மட்டும் பெயரே இல்லை. வெறும் 'பக்கத்துக் கட்டில் பையன்'. யாரோடும் சேராதவனா நடுராத்திரியில் உட்கார்ந்து உன்னைக் கழுவிவிட்டான்? அவனுக்கு ஒரு நன்றி சொன்னதாகக்கூட நீ எழுதவில்லை.

அவன் செய்தது என்ன என்று தெரிந்துகொள். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளிலேயே 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். அதைக் கல்லீரல் எரித்து முடிக்க ஏழெட்டு மணி நேரமாவது வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால், நீ மயங்கிய பிறகும் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து கிடக்கும்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்கும். அந்தப் போதையில் இருமித் துப்பக்கூட உடம்புக்குத் தெரியாது. இப்படிச் செத்துப்போன பிள்ளைகள் உண்டு. பெட் கட்டியவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களா கழற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய்? கழற்றிவிடட்டும்.

அந்தப் பையனையும் பெற்றவர்கள் படிக்கத்தான் அனுப்பினார்கள், உனக்குக் காவல் இருக்க இல்லை. அவனிடம் போய் மன்னிப்புக் கேள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள். மெஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

வீட்டில் சொல்ல வேண்டுமா என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன், சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை நினைவில்லாமல் கிடந்த சேதி பெற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. போனில் வேண்டாம். இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போய், அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். அந்தத் திட்டு உனக்குச் சேர வேண்டியதுதான்.

அப்புறமும் சனிக்கிழமை வந்தால் மனம் அங்கேயே போகிறது என்றால் 14416-க்குப் பேசு. அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அறையில் இன்னொருவன் எழுப்பியும் எழாமல் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்திலேயே இருந்து 108-ஐக் கூப்பிடு. வார்டனுக்குப் பயந்து விடியட்டும் என்று காத்திருக்காதே.