ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்ச் சேர வேண்டுமே!

கேள்வி: ஐயா, என் மகள் மேற்குக்கரையில் வைத்தியம் பார்க்கும் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு மாதாமாதம் சம்பளத்திலிருந்து பணம் அனுப்புகிறாள். பாலஸ்தீனர்களுக்குச் சொந்தமாகச் சுகாதார அமைச்சும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றனவே, நம் பணம் எதற்கு?
– வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: இருக்கின்றன அம்மா, போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டுமென்றால் மேற்குக்கரை நோயாளி பெரும்பாலும் கிழக்கு ஜெருசலேமில் ஒலிவ மலைமேல் இருக்கிற அகஸ்டா விக்டோரியா ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாக வேண்டும். லூத்தரன் உலகக் கூட்டமைப்பு லாபநோக்கில்லாமல் நடத்தும் ஆஸ்பத்திரி அது. மேற்குக்கரை நகரான ராமல்லாவிலிருந்து கிட்டத்தில்தான், ஆனால் இஸ்ரேல் ராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், துணைக்கு வருகிறவருக்கும் தனியாக ஒன்று வேண்டும். சீட்டு கிடைத்தாலும் பாலஸ்தீன ஆம்புலன்ஸ் பெரும்பாலும் உள்ளே போக முடியாது. கலந்தியா சோதனைச்சாவடியில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், இதிலிருந்து இறக்கி அதில் ஏற்றுவார்கள். சலைன் ஏறிக்கொண்டிருக்கிற நோயாளியை வெயிலில் அப்படி மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். வெள்ளையருக்கு ஓர் ஆம்புலன்ஸ், நமக்கு வேறொன்று என்றிருந்த காலத்தில் டர்பனில் பிரசவ வலியோடு காத்துக் கிடந்ததை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் இதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

சரி, உங்கள் மகளின் பணத்துக்கு வருவோம். மேற்குக்கரையில் ஏறக்குறைய 60 சதவீத நிலம் இஸ்ரேலும் பாலஸ்தீனரும் 1995-இல் செய்த ஒப்பந்தப்படி 'சி' பகுதி, முழுக்க இஸ்ரேலின் பிடியில் உள்ளது. அங்கே ஒரு கிளினிக் கட்டக்கூட அனுமதி வாங்க வேண்டும், அது அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதனால் கிளினிக்கே வண்டியேறி வருகிறது. பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது எல்லாம் அந்த வண்டியோடு வரும் டாக்டரும் நர்சும்தான். 1979-இல் உள்ளூர் டாக்டர்கள் தொடங்கிய பாலஸ்தீன மருத்துவ நிவாரணச் சங்கம் இந்த வேலையில் மூத்தது. இஸ்ரேல் டாக்டர்களிலும் மனசாட்சியுள்ளவர்கள் 1988-இல் 'மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள்' என்று அமைப்பு வைத்து, சனிக்கிழமைகளில் அரபு டாக்டர்களோடு சேர்ந்து மேற்குக்கரைக் கிராமங்களுக்குப் போய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டாக்டர் இம்தியாஸ் சுலைமான் 1992-இல் தொடங்கிய 'கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ்' என்ற நிவாரண அமைப்பு காசாவில் வேலை செய்வது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மகளைத் தடுக்காதீர்கள் அம்மா. அனுப்பும் பணத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த நர்சுகளின் சம்பளத்துக்கும் மருந்துக்கும் வண்டி டீசலுக்கும் எவ்வளவு போகிறதென்று அந்த அமைப்புக்கு ஒரு கடிதம் மட்டும் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.