வேலைக்குச் சென்றுகொண்டே, தினமும் சிறிது நேரம் மட்டும் ஒதுக்கிப் பெரிய இலக்கு ஒன்றை அடைய முடியுமா?

முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அன்றாடச் சிறு உழைப்பு நம்மை இலக்குக்கு அருகில் கொண்டு போகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பல நேரங்களில் அந்த உழைப்புதான் நம் இலக்கு எது என்பதையே காட்டிக் கொடுக்கிறது என்பது என் கருத்து. பழந்தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. அவ்வூருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் பாடம் கேட்டிருந்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றையெல்லாம் விசாரித்துவிட்டு, சமணக் காவியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. அந்தக் காவியத்தைப் புரிந்துகொண்டு முதலியாருக்குப் பாடம் சொல்வதே அப்போது அவர் முன்னிருந்த வேலை. சங்க நூல்களைப் பதிப்பிக்கும் எண்ணம் அன்று அவருக்கு இல்லை.

பகலில் கல்லூரி, எஞ்சிய நேரத்தில் சிந்தாமணி என்று நாட்கள் சென்றன. சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை, அதாவது ஏட்டுக்கு ஏடு மாறுபடும் சொற்களை, குறித்துக்கொண்டார். சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரோ, நூலின் பெயரைச் சொல்லாமலேயே பல அடிகளை மேற்கோளாகக் காட்டுபவர். அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்று ஒவ்வொன்றாகத் தேடுவது, ஒரு நாளின் அளவில் பார்த்தால், பலன் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வேலைதான். ஆனால் அந்தத் தேடலே அவரைத் திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் கிடந்த சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. குறுந்தொகையைப் பதிப்பித்த 1937இல் அவருக்கு வயது 82.

மணிமேகலை சற்றுத் தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. ஏடு கையில் இருந்தும், பௌத்தக் கருத்துகள் விளங்கும்வரை அதை அச்சுக்குக் கொடுக்க அவர் அவசரப்படவில்லை. அந்த இடைவெளியில் மற்ற நூல்களின் வேலை நடந்துகொண்டிருந்தது. பொறுமை என்று நான் மதிப்பது இப்படிப்பட்ட காத்திருப்பைத்தான்.

என் அனுபவம் மிகச் சிறியது. அலுவலகம் முடிந்த மாலைகளில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்கக் கற்று வருகிறேன். முதலில் மெய்க்கீர்த்திகளின், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைச் சொல்லும் பகுதிகளின், சில அடிகளை மட்டும் எழுதிப் பழகினேன். ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் இராசராசன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் இராசேந்திரன் என்பது மனத்தில் பதிந்த பிறகு, கோயில் சுவரில் பாதி சிதைந்த வரியும் படிக்கக் கூடியதாகிவிட்டது. இப்போது என் ஆர்வம் மன்னர்களை விட்டு, ஊர்ச்சபைகளின் நிலக் கணக்குகள் பக்கம் திரும்பியிருக்கிறது. தொடங்கும்போது இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே, தினமும் எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுவதைக் காட்டிலும், இன்றைய வேலை நாளைக்குப் பயன்படும் வடிவில் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதே முக்கியம். ஐயர் தாம் கண்டவற்றைக் குறிப்புகளாகவும் சொல்லகராதிகளாகவும் எழுதிவைத்ததால், ஒரு நூலுக்குச் செலவிட்ட உழைப்பு அடுத்த நூலுக்கும் உதவியது. நீங்கள் கற்க விரும்புவது எதுவாயினும், அன்றன்று அறிந்ததை நாலு வரியாவது சொந்த நடையில் தேதியிட்டு எழுதிவையுங்கள். சில மாதங்கள் கழித்து அந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து வாசித்து, எந்தப் பொருளைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்த பிறகு, இலக்கை முடிவு செய்யுங்கள்.